பழைய பயம் எங்கே போகிறது?

"நடந்தது நடந்துபோச்சு, அதையே நினைச்சுட்டு உட்கார்ந்திருக்காதே. இனி ஆக வேண்டியதைப் பார்." வியாபாரத்தில் நொடித்தவர், கல்யாணம் முறிந்தவர், வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர் என்று எல்லோருக்கும் நாம் சொல்லும் ஆறுதல் இதுதான். இதில் இரண்டு அறிவுரைகள் அடங்கியிருக்கின்றன. பழசை மறக்க வேண்டும். வருவதைக் கவனிக்க வேண்டும். முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று நம்புகிறோம்.

கடந்த அரை நூற்றாண்டாக நினைவைப் பற்றி நடந்துவரும் ஆய்வுகள் இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டன. மனத்தைச் சுட்ட சம்பவத்தை நினைத்த மாத்திரத்தில் அழிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். எதிர்காலத்தைக் கவனிப்பது நடக்கிற காரியம்தான். ஆனால் அதற்கு அந்தப் பழசே தேவைப்படுகிறது.

நேற்று இல்லாதவருக்கு நாளையும் இல்லை

1981-ல் கனடாவில், டொராண்டோ பக்கம், முப்பது வயதான ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கித் தலையில் பலத்த அடிபட்டார். மருத்துவ ஆய்வுகளில் அவர் கே.சி. என்ற முதலெழுத்துகளால் அறியப்பட்டார். உயிர் தப்பினார். பேச்சு திரும்பியது, புத்திக்கூர்மை திரும்பியது. சதுரங்கம் ஆட முடிந்தது. பள்ளியில் படித்த பாடங்கள் நினைவிருந்தன. ஆனால் தன் வாழ்க்கையில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தைக்கூட அவரால் மனக்கண்ணில் கொண்டுவர முடியவில்லை.

விபத்துக்கு முன்பே அவருடைய சகோதரர் இறந்திருந்தார். இறந்துவிட்டார் என்ற தகவல் கே.சி.க்குத் தெரியும். அந்தச் செய்தி எப்படி வந்தது, அப்போது தான் எங்கே இருந்தோம், எப்படித் துடித்தோம் என்பதெல்லாம் போய்விட்டன. 1979-ல் டொராண்டோவை ஒட்டிய மிசிசாகா நகரில் ரசாயனம் ஏற்றிவந்த சரக்கு ரயில் தடம்புரண்டு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். கே.சி.யின் குடும்பமும் அப்படி வெளியேறியதுதான். அந்தப் பரபரப்பும் அவர் நினைவில் இல்லை.

கசப்பான கடந்த காலத்தை முழுவதுமாக உதறியவர் என்று யாரையாவது காட்டச் சொன்னால் இவரைத்தான் காட்ட வேண்டியிருக்கும். அப்படியானால் அவர் எதிர்காலத்தை நோக்கிப் பாய்ந்து சென்றிருக்க வேண்டும் அல்லவா?

எஸ்டோனியாவில் பிறந்து கனடாவில் குடியேறிய உளவியலாளர் எண்டல் டல்விங் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நாளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டபோது கே.சி. வெகுநேரம் பேசாமல் இருந்தார், தெரியவில்லை என்றார். அதைப் பற்றி யோசிக்கும்போது மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, வெறுமையாக இருக்கிறது என்றார். நேற்றைப் பற்றி யோசிக்கும்போதும் அதே வெறுமைதான் என்றார்.

உலகத் தகவல்களை வைத்திருக்கும் நினைவு வேறு, நாம் வாழ்ந்த சம்பவங்களை வைத்திருக்கும் நினைவு வேறு என்று டல்விங் 1972-லேயே பிரித்துக் காட்டியிருந்தார். கே.சி. இழந்தது இரண்டாவதை. அதோடு சேர்ந்து நாளையும் போய்விட்டது என்பதுதான் டல்விங்கை யோசிக்க வைத்தது. மனத்தால் பின்னோக்கிப் போவதும் முன்னோக்கிப் போவதும் ஒரே திறமையின் இரு திசைகள் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

2007-ல் லண்டனில் இதை வேறு வகையில் சோதித்தார்கள். நினைவுகள் பதிவதற்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதி பாதிக்கப்பட்ட ஐந்து நோயாளிகளிடம், "வெப்பமண்டலக் கடற்கரை ஒன்றில், வெண்மணலில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து, பார்ப்பதைச் சொல்லுங்கள்" என்றார்கள். நடந்ததை நினைவுகூரத் தேவையில்லை; புதிதாகக் கற்பனை செய்தால் போதும். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோரால் அந்தக் காட்சியைக் கோவையாக அமைக்க முடியவில்லை. நீல வானம், மணல் என்று உதிரி உதிரியாகச் சொன்னார்கள். அந்த ஆய்வை முன்னின்று நடத்திய இளைஞர் டெமிஸ் ஹசாபிஸ். பின்னாளில் செயற்கை நுண்ணறிவுத் துறைக்குப் போய், 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர்தான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஷாக்டர் போன்றவர்கள் இதிலிருந்து ஒரு விளக்கம் தருகிறார்கள். வரப்போவதை ஒத்திகை பார்க்க வேண்டுமென்றால் பழைய அனுபவங்களைத் துண்டு துண்டாக எடுத்துப் புதிய வகையில் சேர்க்க வேண்டும். நினைவு அப்படிப் பிரித்துச் சேர்க்க வசதியாக அமைந்திருக்கிறது. நினைவு சில சமயம் தவறாகப் போவதற்கும் இந்த நெகிழ்வே காரணம். ஆக, கடந்த காலம் நம் காலைப் பிடித்து இழுக்கும் சுமை மட்டுமல்ல. நாளையைக் கட்டுவதற்கு நம்மிடம் இருக்கும் மூலப்பொருளும் அதுதான்.

நினைக்காதே என்றால் நினைப்பு வரும்

சரி, எல்லாவற்றையும் மறக்க வேண்டாம். நம்மை வாட்டுகிற அந்த ஒன்றை மட்டும் நினைக்காமல் இருக்க முடியாதா? 1987-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டேனியல் வெக்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை எளிமையாகச் சோதித்தார்கள். மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மணியை அடிக்க வேண்டும்.

மணி மறுபடி மறுபடி ஒலித்தது. அதைவிட முக்கியமானது அடுத்த கட்டம். இப்போது தாராளமாகக் கரடியை நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. அடக்கிவைத்த நினைப்பு அனுமதி கிடைத்ததும் பெருகியது.

வெக்னர் சொன்ன காரணம் இது. ஒன்றை நினைக்காமல் இருக்க, நினைக்கிறோமா இல்லையா என்று மனத்தின் ஒரு பகுதி ஓயாமல் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. சரிபார்ப்பதற்கு எதைத் தேடுகிறோம் என்பதை அது கையில் வைத்திருக்க வேண்டும். அதனால் தடை செய்யப்பட்ட நினைப்பு எப்போதும் வாசலருகிலேயே நிற்கிறது. களைப்பும் கவலையும் சேரும்போது உள்ளே வந்துவிடுகிறது. பகலெல்லாம் மறந்திருந்த விஷயம் ராத்திரி படுத்ததும் வந்து நிற்பதை இதனால் புரிந்துகொள்ளலாம்.

லெனின்கிராடு வெள்ளம்

அடக்க முடியாவிட்டாலும், காலமும் பயிற்சியும் பழைய பயத்தை அழித்துவிடாதா? 1924 செப்டம்பரில் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம் புகுந்தது. உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுகளில் சிக்கி, நீரில் மூழ்கும் தறுவாயில் மீட்கப்பட்டன. வெள்ளம் வடிந்த பின் பார்த்தால், சில நாய்கள் பழக்கியிருந்த பயிற்சிகளையெல்லாம் இழந்திருந்தன. பொறுமையாக மறுபடி பழக்கினார்கள். பழைய நிலைக்கு வந்தன. தேறிவிட்டன என்று நினைத்த நேரத்தில், அப்படித் தேறிய நாய் ஒன்று இருந்த அறையின் கதவடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். நாய் பழையபடி நிலைகுலைந்தது.

பாவ்லோவ் இதற்கு முன்பே சாதாரணச் சோதனைகளிலும் இதன் சாயலைக் கண்டிருந்தார். ஓர் ஒலியைக் கேட்டதும் உணவு வரும் என்று பழகிய நாய்க்கு, ஒலி மட்டும் கொடுத்து உணவு கொடுக்காமல் விட்டால், எச்சில் ஊறுவது குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். பழக்கம் அழிந்துவிட்டதென்று தோன்றும். ஆனால் சற்று ஓய்வு கொடுத்து மறுபடி ஒலித்தால் எச்சில் ஊறும்.

பயத்துக்கும் இதே விதிதான். அமெரிக்க உளவியலாளர் மார்க் பவுட்டன் எலிகளை வைத்து இதைத் துல்லியப்படுத்தினார். ஒரு பெட்டியில் பயத்தைக் கற்ற எலியை இன்னொரு பெட்டியில் வைத்து, பயம் தேவையில்லை என்று கற்பிக்கலாம். அது அமைதியாகிவிடும். பழைய பெட்டிக்குத் திரும்பக் கொண்டுவந்தால் பயமும் திரும்பிவிடும். அதாவது, "இது ஆபத்து" என்ற பாடம் அழியவில்லை. "இப்போது ஆபத்தில்லை" என்ற இரண்டாவது பாடம் அதன் பக்கத்தில் சேர்ந்திருக்கிறது. ஊருக்குள் போகும் பழைய சாலையைப் பெயர்த்தெடுக்காமல் வெளியே பைபாஸ் போடுவது போன்ற வேலை இது. பைபாஸ் நன்றாக இருக்கும்வரை வண்டிகள் அதில் போகும். அங்கே தடை வந்தால் பழைய சாலை எப்போதும் இருக்கிறது.

இந்த இரண்டு பாடங்களும் மூளையில் எங்கே இருக்கின்றன என்பதும் ஓரளவு தெளிவாகிவிட்டது. ஆபத்தை நினைவில் வைப்பதில் முக்கியப் பங்கு, காதுகளுக்கு உள்பக்கமாக மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலாவுக்கு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஜோசப் லெடூ இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். "இப்போது ஆபத்தில்லை" என்ற பாடத்துக்கோ நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் மூளைப்புறணி தேவை. 2002-ல் போர்ட்டோ ரிக்கோவில் மொகமெட் மிலாடும் கிரெகரி குவெர்க்கும் எலிகளின் இந்தப் பகுதியில் உள்ள நரம்பணுக்களைக் கவனித்தார்கள். பயம் தணிந்ததை மறுநாள் நினைவில் வைத்திருந்த எலிகளில் அவை சுறுசுறுப்பாக இயங்கின. அந்தப் பகுதியை மின்தூண்டல் செய்தால் எலிகளின் பயம் குறைந்தது. நெற்றிப் பகுதி அமிக்டலாவில் இருப்பதை அழிப்பதில்லை. அதன் குரலை அடக்குகிறது.

பல வருடம் கழித்து ஒரு வாசனையோ, ஒரு தெருவோ, ஒரு தேதியோ பழைய வேதனையை அப்படியே கொண்டுவரும்போது, "நான் இன்னும் தேறவே இல்லை" என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். தேறியது பொய்யல்ல. தேறுவது என்பதே இப்படித்தான் இருக்கும்.

திறந்த நினைவைத் திருத்த முடியுமா?

அழிக்கவே முடியாதா என்ற கேள்விக்கு 2000-ல் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு பதில் வந்தது. நினைவு பதிந்த சில மணி நேரத்தில் உறுதிப்பட்டுவிடும், அதன்பின் அசையாது என்பதுதான் அதுவரை இருந்த கருத்து. லெடூவின் ஆய்வுக்கூடத்தில் கரீம் நாடர் எலிகளுக்கு ஓர் ஒலியையும் மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கற்பித்து, நினைவு உறுதிப்படும்வரை காத்திருந்தார். பிறகு அந்த ஒலியை ஒருமுறை கேட்கவைத்து, புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை உடனே அமிக்டலாவில் செலுத்தினார். மறுநாள் அந்த ஒலிக்கு எலிகள் முன்போலப் பயப்படவில்லை. ஒலியைக் கேட்கவைக்காமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளின் பயம் மாறவில்லை.

இதன் பொருள், நினைவை எடுத்துப் பார்க்கும்போது அது சற்று நேரம் இளகி, மறுபடி உறுதிப்பட வேண்டியிருக்கலாம் என்பதுதான். 2010-ல் டேனியலா ஷில்லர், எலிசபெத் ஃபெல்ப்ஸ் குழுவினர் மருந்தே இல்லாமல் மனிதர்களிடம் இதை முயன்றார்கள். வண்ணச் சதுரத்தைக் கண்டால் மணிக்கட்டில் லேசான அதிர்ச்சி வரும் என்று பழக்கினார்கள். மறுநாள் அந்தச் சதுரத்தை ஒருமுறை காட்டி நினைவூட்டி, பத்து நிமிடம் கழித்துப் பயம் தணிக்கும் பயிற்சியைத் தொடங்கினார்கள். இப்படிச் செய்தவர்களிடம் பயம் திரும்பவில்லை. நினைவூட்டாமலோ, ஆறு மணி நேரம் தாமதித்தோ பயிற்சி பெற்றவர்களிடம் திரும்பியது.

செய்தித்தாள்களில் "கெட்ட நினைவுகளை அழிக்கலாம்" என்று தலைப்பு வந்தது. அது அவசரப்பட்ட தலைப்பு. மற்ற ஆய்வுக்கூடங்கள் திரும்பச் செய்தபோது சிலருக்கு அதே முடிவு வந்தது, சிலருக்கு வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு நாளில் உருவாக்கிய பயத்துக்கும், வருடக்கணக்காக வேரோடிய துயரத்துக்கும் இடையே தூரம் அதிகம். இருந்தாலும் இந்த ஆய்வுகள் உறுதியாகக் காட்டிய ஒன்று உண்டு: நினைவூட்டப்பட்ட நினைவில் மாற்றம் நுழையலாம். அப்படியானால் எப்படி நினைக்கிறோம் என்பது முக்கியமாகிவிடுகிறது.

மறுகுவதும் சொல்வதும்

1989 அக்டோபர் 17 மாலை கலிபோர்னியாவின் லோமா பிரியேட்டா பகுதியில் 6.9 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. 63 பேர் இறந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர், அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்புதான் 137 மாணவர்களின் மனநிலையைத் தற்செயலாக அளந்து வைத்திருந்தார். மனம் சோரும்போது என்ன செய்வீர்கள் என்ற கேள்வியும் அதில் இருந்தது. நிலநடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அவர்களை மறுபடி சந்தித்தார்.

நிலநடுக்கத்துக்கு முன்பே மறுகும் பழக்கம் உள்ளவர்கள் பிறகு அதிகச் சோர்வில் இருந்தார்கள். அவர்கள் முன்னதாகவே சோர்ந்திருந்தார்களா என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது. மறுகுதல் என்று அவர் குறிப்பிட்டது, "எனக்கு ஏன் இப்படி ஆச்சு, நான் ஏன் இப்படி இருக்கேன்" என்று விடை வராத கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருவதை. பிரிட்டனின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வாட்கின்ஸ் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அதே சம்பவத்தை "ஏன்" என்று பொதுப்படையாகக் கிளறுவது சோர்வை வளர்க்கிறது; "என்ன நடந்தது, எப்படி நடந்தது, அடுத்து எப்படிச் செய்யலாம்" என்று விவரமாக நினைப்பது பல நேரம் உதவுகிறது. பழசை நினைப்பதில் குற்றமில்லை. எந்தக் கேள்வியோடு அதனிடம் போகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் உடனே கொட்டித் தீர்த்துவிட வேண்டுமா? 1980-களில் விபத்து நடந்த சூட்டோடு சூடாகப் பாதிக்கப்பட்டவர்களை ஒரே அமர்வில் பேசவைக்கும் முறை பரவியது. பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் இதைச் சோதித்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம் பேருக்கே இருந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. முதலில் பாதுகாப்பு, உணவு, சொந்தபந்தங்களோடு தொடர்பு. பேச விரும்பினால் கேட்பது. வற்புறுத்தக் கூடாது என்கிறது.

நிதானமாக, முறையாகச் சொல்வது இதிலிருந்து வேறுபட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், போராலும் கடலாலும் இருமுறை அடிபட்டிருந்த இலங்கையின் வடகிழக்கில் ஒரு சோதனை நடந்தது. கடுமையான அதிர்ச்சி அறிகுறிகள் இருந்த 31 குழந்தைகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் பிறந்தது முதல் தம் வாழ்க்கையை வரிசையாக, சுனாமியையும் அதன் இடத்தில் வைத்து, சொல்லி எழுதவைக்கப்பட்டார்கள். மற்றக் குழுவினருக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறு அமர்வுகள்தான். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தமிழ் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்து இரு குழுக்களிலும் பெரும்பாலான குழந்தைகள் தேறியிருந்தார்கள். ஒரு குழு பழசை வரிசைப்படுத்தியது, இன்னொரு குழு உடலை அமைதிப்படுத்தியது. இரண்டிலும், தன்னை மீறி வந்த ஒன்றின்மேல் குழந்தைக்குக் கொஞ்சம் பிடி கிடைத்தது எனலாம்.

பிடி கிடைத்த எலிகள்

அந்தப் பிடி எவ்வளவு முக்கியம் என்பது அறிவியலுக்குச் சரியாகப் புரிய ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆனது. 1967-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களைச் சோதித்தார்கள். ஒரு பிரிவு நாய்கள் தலையால் பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்திக்கொள்ளலாம். இன்னொரு பிரிவுக்கும் அதே அளவு அதிர்ச்சி. ஆனால் எது செய்தாலும் நிற்காது. அடுத்து எல்லா நாய்களையும், தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டார்கள். முதல் பிரிவு தாண்டியது. இரண்டாம் பிரிவில் பெரும்பாலான நாய்கள் படுத்தபடி முனகின. இன்றைய விலங்கு நல நெறிகள் இப்படிப்பட்ட சோதனையை எளிதில் அனுமதிக்காது.

எதுவும் பயன்படாது என்று அந்த நாய்கள் கற்றுக்கொண்டுவிட்டன என்பதே அன்றைய விளக்கம். கற்றுக்கொண்ட கையறுநிலை என்ற கருத்து உளவியல் முழுக்கப் பரவியது. பிறகு மேயர் நரம்பியல் படித்து, கொலராடோவில் எலிகளின் மூளைக்குள் பார்க்கத் தொடங்கினார். 2016-ல் அவரும் செலிக்மனும் சேர்ந்து தங்கள் பழைய கொள்கையைத் தலைகீழாகத் திருப்பி எழுதினார்கள். தொடர்ந்து அடிபட்டால் முடங்கிப்போவது கற்றுக்கொள்ளும் பாடமல்ல. மூளைத்தண்டில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் தூண்டப்படுவதால் தானாக வரும் எதிர்வினை அது. உண்மையில் கற்றுக்கொள்ளப்படுவது வேறு: "நான் செய்வதால் இது மாறுகிறது" என்ற பாடம். அதைக் கண்டுகொள்வது நெற்றிக்குப் பின்னுள்ள அதே நடுப்புறணிதான். அது கீழேயுள்ள செரட்டோனின் அணுக்களை அடக்குகிறது.

சக்கரத்தைத் திருப்பி அதிர்ச்சியை நிறுத்த முடிந்த எலிகளில் இந்தப் பகுதியைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தால், தப்ப முடிந்தும் அவை பிறகு முடங்கின. ஒருமுறை பிடி கிடைத்த எலிகளோ, பிறகு பிடியே இல்லாத துன்பம் வந்தபோதும் எளிதில் முடங்கவில்லை. பிடி கிடைத்த எலிகளும் கிடைக்காத எலிகளும் முன்னே பட்ட அடி ஒன்றுதான். வேறுபட்டது அடுத்து வருவதைப் பற்றிய எதிர்பார்ப்பு.

முடங்கிய நாய்களை மீட்ட கதையும் கவனிக்கத் தக்கது. தடுப்பை எடுத்துப் பார்த்தார்கள், மறுபக்கத்திலிருந்து அழைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் கயிற்றைக் கட்டி மறுபக்கத்துக்கு இழுத்தார்கள், மறுபடி மறுபடி. அதிர்ச்சி நிற்பதைத் தன் உடம்பால் பலமுறை உணர்ந்த பிறகுதான் நாய் தானாக எழுந்து தாண்டியது. மனம் மாறிய பிறகு காரியத்தில் இறங்கலாம் என்று காத்திருப்பவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். இங்கே காரியம் முதலில் வந்தது. மனம் பின்னால் வந்தது.

கனவும் திட்டமும்

எதிர்காலத்தைப் பார் என்ற அறிவுரைக்கும் ஒரு திருத்தம் தேவை. ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன், படிப்பு முடித்து வேலை தேடும் பட்டதாரிகளை ஆராய்ந்தார். வெற்றி பெற்றுவிட்டதாக இனிய கனவுகளை அதிகம் கண்டவர்களுக்கு இரண்டு வருடம் கழித்து வேலை அழைப்புகள் குறைவாக வந்திருந்தன, சம்பளமும் குறைவு. கனவிலேயே பாதி திருப்தி கிடைத்துவிடுவதால் முயற்சி தளர்கிறது என்பது அவர் விளக்கம். விரும்புவதை நினைத்து, அடுத்த கணமே அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் நினைக்கச் சொல்கிறார் அவர். அந்தத் தடை எது என்று சொல்லக்கூடியது நம் கடந்த காலம்தான்.

அவருடைய சக ஆய்வாளர் பீட்டர் கோல்விட்சர் அதற்கு அடுத்த படியைச் சோதித்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி இரண்டு நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். எங்கே, எப்போது உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் மூன்றில் இருவருக்கு மேல் அனுப்பினார்கள். எழுதுவேன் என்று மட்டும் நினைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் அனுப்பினார். "இந்த நேரம் வந்தால் இதைச் செய்வேன்" என்று இடமும் வேளையும் சேர்ந்த தீர்மானம், "இனிமேல் நன்றாக இருப்பேன்" என்ற தீர்மானத்தைவிட மூளைக்கு எளிதில் புரிகிறது.

இத்தனை ஆய்வுகளும் சேர்ந்து சொல்வது இதுதான். நடந்ததை அழிக்க முயல்வது வீண். அது திரும்பி வரும்போது அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. "ஏன்" என்று சுற்றுவதை "எப்படி" என்று மாற்றலாம். பெரிய இழப்பில் கிடப்பவர் இன்றே தன் கையால் மாற்றக்கூடிய சிறிய ஒன்றைச் செய்து முடிக்கட்டும்: ஒரு விண்ணப்பம், ஒரு போன் அழைப்பு, ஒரு வேளைச் சமையல். அந்த வேலை சிறியதாக இருந்தாலும், அதிலிருந்து மூளை கற்கும் பாடம் பெரியது. பக்கத்தில் இருப்பவர்கள் அறிவுரையைக் குறைத்து, அந்தச் சிறு வேலையில் கூட நின்று கைகொடுக்கலாம்.

ஒரு மாதத்துக்கு மேலாகக் கெட்ட கனவு, திடுக்கிட்டு விழித்தல், சம்பவம் மறுபடி நடப்பது போன்ற உணர்வு, வேலையும் உறவும் கெடுமளவுக்கு ஒதுங்குதல் ஆகியவை தொடர்ந்தால், அது மனவுறுதிக் குறைவல்ல, சிகிச்சை உள்ள நோய். அப்போது தனியாகப் போராட வேண்டாம். இந்தியாவில் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவியை 1926 என்ற எண்ணிலும் கூப்பிடுங்கள்.